சசாகி போனா 14 கோடி, யமமோட்டோ போனா 420 கோடி: ஜப்பான் பேஸ்பால்ல இந்த போஸ்டிங் கணக்கு எப்படி ஓடுது?

2025 ஜனவரில ரோகி சசாகி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்ல சேர்ந்தப்ப அவரோட பழைய டீம் சிபா லோட்டே மரீன்ஸுக்கு போஸ்டிங் தொகையா, அதாவது ஆளை அமெரிக்காவுக்கு விட்டுக் கொடுத்ததுக்கு கிடைச்சது 16 லட்சத்து 25 ஆயிரம் டாலர், நம்ம காசுல ஏறக்குறைய 14 கோடி. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி அதே டாட்ஜர்ஸுக்கு யோஷினோபு யமமோட்டோ போனப்ப ஓரிக்ஸ் பஃபலோஸுக்கு கிடைச்சது 5 கோடியே 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர், ரூபாய்ல 420 கோடி கிட்ட வரும். ரெண்டு பேருமே பிட்சர் (பால் போடறவங்க), ரெண்டு பேருமே ஜப்பான்ல இருந்து போனவங்க, வாங்கினதும் ஒரே டீம், ஆனா வித்தியாசம் 31 மடங்கு.

இதைப் பாத்துட்டு சசாகியை லோட்டே அடிமாட்டு விலைக்கு தள்ளிவிட்டுட்டாங்கன்னு வெளிநாட்டு ரசிகர்கள் நிறைய பேர் நினைச்சாங்க. அப்படி இல்ல. லோட்டேவால ஒரு டாலர் கூட அதிகமா கேட்டிருக்க முடியாது, விலையை வெக்கற உரிமையே அவங்க கைல இல்ல. ஆட்டக்காரரோட திறமையை விட அவரோட பிறந்த தேதிதான் இந்த தொகையை முடிவு பண்ணுது. அது எப்படின்னு அடியில இருந்து பாப்போம்.

முதல்ல, ஆட்டக்காரர் யாருக்கு சொந்தம்?

ஜப்பான் ப்ரொஃபஷனல் பேஸ்பால்ல, சுருக்கமா என்பிபி, மொத்தம் 12 டீம். சென்ட்ரல் லீக்ல 6, பசிபிக் லீக்ல 6. டீம் பேர்ல ஊரை விட கம்பெனிதான் முன்னாடி நிக்கும்: யோமியுரி பேப்பர்காரங்க, ஹன்ஷின் ரயில் கம்பெனி, யாகுல்ட் நம்ம கடையில கூட விக்கிற அந்த குட்டி பாட்டில் பால்காரங்கதான், நிப்பான் ஹாம் இறைச்சி கம்பெனி. ஆட்டக்காரர் பசங்களா இருக்கும்போதே டிராஃப்ட்ல, அதாவது டீமெல்லாம் புது ஆட்களைப் பங்கு போட்டுக்கற தேர்வுல, எடுத்துடுவாங்க, ஒருத்தரையே நாலு டீம் முதல் ரவுண்டுல கேட்டா கவர் எடுத்து குலுக்கல். 2019ல ஸ்கூல் முடிக்கப்போற சசாகியை நாலு டீம் கேட்டுச்சு, சீட்டு லோட்டேவுக்கு விழுந்துச்சு. அவருக்கு எந்த டீம் புடிக்கும்னு அங்க யாரும் கேக்கறதில்ல.

டிராஃப்ட்ல போனதும் அந்த டீமோட கட்டுப்பாட்டுக்குள்ள வந்தாச்சு. வெளிய வர வழி ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எஃப்ஏ உரிமை. மெயின் டீம் ரோஸ்டர்ல (ஆட்டக்காரர் பட்டியல்ல) 145 நாள் இருந்தாதான் ஒரு வருஷம்னு கணக்கு. உள்நாட்டுக்குள்ள வேற டீமுக்கு போக அந்த மாதிரி 8 வருஷம் சேரணும், காலேஜ் இல்லன்னா கம்பெனி டீம்ல ஆடிட்டு வந்தவங்களுக்கு 7. வெளிநாட்டுக்கு போக எல்லாருக்கும் 9. ரெண்டாவது டீம்ல உக்காந்திருந்த நாள் இதுல சேராது, அதனால 18 வயசுல வந்தவர் அடிபடாம ஓடினா கூட 27 ஆயிடும், நடைமுறைல 29, 30.

அந்த 9 வருஷம் முடியறதுக்கு முன்னாடியே அமெரிக்கா போகணும்னா ஒரே வழி போஸ்டிங். நம்ம ஊர்ல போஸ்டிங்னா கவர்மென்ட் வேலைல எந்த ஊருக்கு போட்டாங்கன்னு கேப்பாங்க, இங்கயும் கிட்டத்தட்ட அதேதான், கையெழுத்து போடற அதிகாரம் மேல இருக்கறவங்க கிட்ட. ஆட்டக்காரர் கேக்கலாம், அழலாம், கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடாம இழுக்கலாம் (சசாகி 2024 ஜனவரி கடைசி வரைக்கும் போடல), ஆனா டீம் சரின்னு சொன்னாதான் பேர் போகும்.

இந்த வழி எப்படி வந்துச்சு

1964ல நன்காய் ஹாக்ஸ் டீம் மசனோரி முராகாமின்னு ஒரு சின்ன பையனை கத்துக்கிட்டு வரட்டும்னு அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. இப்ப சிகாகோல இருக்கற முராகாமி வேற, இவர் பிட்சர். பையன் நல்லா போடறான்னு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மெயின் டீம்லயே இறக்கிட்டாங்க, அமெரிக்காவோட மேல்மட்ட லீக்கான மேஜர் லீக்ல ஆடின முதல் ஜப்பான்காரர் அவர்தான். அப்பறம் திருப்பி அனுப்ப மனசில்ல. இழுபறி ஆகி, 1965 சீசன் முடிஞ்சுதான் திரும்பினார். அந்த சண்டைலதான் 1967ல உன் ஆளை நான் தொடமாட்டேன் என் ஆளை நீ தொடாதேன்னு ரெண்டு நாட்டுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆச்சு, அடுத்த 30 வருஷத்துக்கு கதவு மூடிடுச்சு.

அதை உடைச்சது ஹிதேயோ நோமோ. கின்டெட்சு டீம்ல இருந்தவர், விதியை புரட்டிப் பாத்தா 'விருப்ப ஓய்வு' வாங்கினவர் திரும்பி வந்தா பழைய டீமுக்குதான் ஆடணும்னு இருந்துச்சு, ஆனா அது ஜப்பானுக்குள்ள மட்டும்தான் கட்டும். ஓய்வுன்னு எழுதிக் கொடுத்துட்டு 1995ல டாட்ஜர்ஸ்ல இறங்கிட்டார், அந்த வருஷம் ரூக்கி ஆஃப் த இயர், அதாவது சிறந்த புதுமுகம் விருது வேற. கின்டெட்சுவுக்கு கிடைச்சது நாமம். 1997ல லோட்டேவோட ஹிதேகி இராபுவை அவர்கிட்ட கேக்காமலே சான் டியாகோவுக்கு கைமாத்தி விட்டாங்க, அவர் நியூயார்க் யாங்கீஸுக்கு தவிர எங்கயும் ஆடமாட்டேன்னு உக்காந்துட்டார், கடைசில அங்கதான் போனார். ஒரு பக்கம் டீம் ஏமாறுது, இன்னொரு பக்கம் ஆளை மாடு மாதிரி ஓட்டிட்டுப் போறாங்க. ரெண்டையும் நிறுத்த 1998ல வந்ததுதான் போஸ்டிங்.

மூணு காலம், மூணு கணக்கு

1. டெண்டர் காலம், 1998ல இருந்து 2012 வரை. அமெரிக்க டீமெல்லாம் சீல் வெச்ச கவர்ல ஒரு தொகை எழுதிக் கொடுக்கணும், யார் அதிகமோ அவங்களுக்கு மட்டும்தான் ஆட்டக்காரரோட பேச உரிமை. 2000ல இச்சிரோவுக்கு சியாட்டில் எழுதினது 1 கோடியே 31 லட்சத்து 25 ஆயிரம் டாலர். 2006ல டைசுகே மட்சுசாகாவுக்கு பாஸ்டன் எழுதினது 5,11,11,111 டாலர் 11 சென்ட், மொய் எழுதற மாதிரி. அதுல வேடிக்கை என்னன்னா ஆறு வருஷம் தோளை உடைச்சு போடப்போற மட்சுசாகாவோட கான்ட்ராக்ட் 5.2 கோடி, அவரை அனுப்பி வெச்ச செய்பு லயன்ஸுக்கும் அதே அளவு. ஆட்டக்காரருக்கு பேரம் பேச வேற ஆளே கிடையாது. பேச்சு ஒத்து வரலன்னா டெண்டர் காசும் கிடையாது, அவர் பெட்டியைக் கட்டிட்டு பழைய டீமுக்கு திரும்ப வேண்டியதுதான், 2010ல ஓக்லாண்ட் ஜெயிச்ச ஹிசாஷி இவாகுமாவுக்கு அதான் ஆச்சு. அடுத்த வருஷம் எஃப்ஏல சியாட்டில் போனார், அவரோட பழைய டீம் ராகுடெனுக்கு சல்லிக்காசு வரல.

2. ரெண்டு கோடி டாலர் காலம், 2013ல இருந்து 2017 வரை. ஜப்பான் டீம் ஒரு தொகை சொல்லும், மேல் வரம்பு 2 கோடி டாலர், அதைக் கொடுக்க தயாரா இருக்கற எல்லா டீமும் ஆட்டக்காரரோட பேசலாம். 2013ல 24 வெற்றி, 0 தோல்வின்னு முடிச்ச மசஹிரோ தனாகா யாங்கீஸ்ல 7 வருஷத்துக்கு 15.5 கோடி டாலர் வாங்கினார், ராகுடெனுக்கு அந்த 2 கோடியோட சரி. காசு டீம் பக்கத்துல இருந்து ஆட்டக்காரர் பக்கம் அப்படியே சாஞ்சது இப்பதான்.

3. சதவீத காலம், இப்ப நடக்கறது. ஆட்டக்காரரோட கான்ட்ராக்ட் எவ்வளவோ அதுல ஒரு பங்கு. முதல் 2.5 கோடி டாலருக்கு 20%, அடுத்த 2.5 கோடிக்கு 17.5%, 5 கோடிக்கு மேல போறதுக்கு 15%. இன்கம்டாக்ஸ் ஸ்லாப் மாதிரிதான், ஆனா மேல போகப்போக சதவீதம் குறையும்.

நிறைய பேர் குழம்பற விஷயம் ஒண்ணு, இந்த காசு ஆட்டக்காரர் பாக்கெட்ல இருந்து போறதில்ல, வாங்கற டீம் கான்ட்ராக்டுக்கு மேல தனியா கட்டுது.

யமமோட்டோவுக்கு போட்டுப் பாப்போம். 2023 டிசம்பர், 12 வருஷம், 32.5 கோடி டாலர்.
முதல் 2.5 கோடில 20% = 50 லட்சம்.
அடுத்த 2.5 கோடில 17.5% = 43 லட்சத்து 75 ஆயிரம்.
மீதி 27.5 கோடில 15% = 4 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம்.
கூட்டினா 5 கோடியே 6 லட்சத்து 25 ஆயிரம்.

இதே ஸ்லாப்ல 2025 டிசம்பர்ல சிகாகோ வைட் சாக்ஸுக்கு போன முனெதாகா முராகாமியோட 2 வருஷம் 3.4 கோடி டாலரைப் போட்டா யாகுல்டுக்கு 65 லட்சத்து 75 ஆயிரம் டாலர் வரும். 2022ல 56 ஹோம் ரன் அடிச்சு, 22 வயசுல ட்ரிபிள் க்ரவுன் (பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அடிச்சு சேத்த ரன் மூணுலயும் முதலிடம்) வாங்கின ஆள். கான்ட்ராக்ட் சின்னதானா டீமோட பங்கும் தானா சுருங்கிடும். டொரன்டோவுக்கு போன கசுமா ஒகமோட்டோவோட 4 வருஷம் 6 கோடிக்கு யோமியுரிக்கு 1 கோடியே 8 லட்சத்து 75 ஆயிரம்.

அப்ப சசாகிக்கு என்ன ஆச்சு? 25 வயசு கோடு

மேல சொன்ன ஸ்லாப் மேஜர் லீக் கான்ட்ராக்டுக்குதான். 25 வயசு ஆகாதவர், இல்லன்னா 6 சீசன் ப்ரொஃபஷனலா ஆடி முடிக்காதவர் ஜப்பான்ல எவ்வளவு பெரிய ஸ்டாரா இருந்தாலும் அமெரிக்க விதிப்படி 'இன்டர்நேஷனல் அமெச்சூர்'. டொமினிகன் ரிபப்ளிக்ல இருந்து வர்ற 16 வயசு பையன் எந்த லிஸ்டோ அதே லிஸ்ட். அவருக்கு மைனர் லீக் கான்ட்ராக்ட்தான் கொடுக்க முடியும், சைனிங் போனஸும் ஒவ்வொரு டீமுக்கும் வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒதுக்கற பூல்ல இருந்துதான் வரணும். 2025ல அந்த பூல் டீமுக்கு தகுந்த மாதிரி 50 லட்சத்துல இருந்து 75 லட்சம் டாலர் கிட்ட. ஜப்பான் டீமுக்கு அந்த போனஸ்ல 25%, அவ்வளவுதான்.

சசாகி போனஸ் 65 லட்சம் டாலர். நாலுல ஒரு பங்கு 16 லட்சத்து 25 ஆயிரம். முடிஞ்சது கணக்கு.

இந்த வரம்பு ஜப்பானை மனசுல வெச்சு போட்டது மாதிரி தெரியல. 2015ல கியூபாவோட யோவான் மொன்காடாவுக்கு பாஸ்டன் 3.15 கோடி டாலர் போனஸ் கொடுத்து, அபராத வரியா இன்னொரு அவ்வளவு கட்டினாங்க. பணக்கார டீம் இப்படியே அள்ளிட்டுப் போனா என்ன பண்றதுன்னு 2016 கடைசில வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துல பூலை இறுக்கி, 23ஆ இருந்த வயசை 25ஆ ஏத்துனாங்க. கியூபாவுக்கு விரிச்ச வலைல ஜப்பான்காரங்க காலும் மாட்டிக்கிச்சு.

முதல்ல மாட்டினது ஷோஹெய் ஒட்டானி. 2017 டிசம்பர், வயசு 23, போனஸ் 23 லட்சத்து 15 ஆயிரம் டாலர். ஆனா நிப்பான் ஹாமுக்கு கிடைச்சது முழுசா 2 கோடி! ஏன்னா அந்த பழைய வரம்பு கடைசியா ஒரு தடவை அவருக்குதான் ஓடுச்சு. ஆட்டக்காரர் வாங்கினதை விட டீம் எட்டு மடங்குக்கு மேல வாங்கின கேஸ் அது. ஏழு வருஷம் கழிச்சு அதே 23 வயசுல சசாகி போறார், லோட்டேவுக்கு அதுல பன்னெண்டுல ஒரு பங்கு கூட வரல. லோட்டே ரசிகர்கள் வயிறெரிஞ்சதுல ஒரு நியாயம் இருக்கு.

யமமோட்டோ பிறந்தது 1998 ஆகஸ்ட் 17. 2023 ஆகஸ்ட்ல 25 முடிஞ்சுது, அந்த டிசம்பர்லயே கான்ட்ராக்ட். ஓரிக்ஸ் ஒரு வருஷம் முன்னாடி இரக்கப்பட்டு அனுப்பியிருந்தா 5 கோடி டாலர் சில லட்சமா போயிருக்கும். சசாகி பிறந்தது 2001 நவம்பர் 3, ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா அவருக்கும் அந்த அளவு கான்ட்ராக்ட் கிடைச்சிருக்கலாம்.

போஸ்ட் பண்ணின தேதியும் சும்மா எடுத்ததில்ல. போஸ்ட் ஆன நாள்ல இருந்து பேச 45 நாள். பூல் புதுசாகறது ஜனவரி 15. நவம்பர்லயே பேர் கொடுத்திருந்தா கெடு ஜனவரி 15க்கு முன்னாடி முடிஞ்சிருக்கும், பழைய பூல்ல பெரும்பாலான டீம்கிட்ட மிச்சம் சில்லறைதான். லோட்டே டிசம்பர் ரெண்டாவது வாரத்துல கொடுத்தாங்க, கெடு ஜனவரி 23 வரை ஓடுச்சு, சசாகி 17ஆம் தேதி டாட்ஜர்ஸ்னு அறிவிச்சார். டாட்ஜர்ஸ் பூல்ல இருந்தது 51 லட்சத்து சொச்சம்தான், வேற டீம்களுக்கு பசங்களைக் கொடுத்து பூல் காசை வாங்கி 65 ஆக்கினாங்க.

எல்லாம் தெரிஞ்சும் லோட்டே ஏன் அனுப்பினாங்க?

உள்ள என்ன ஒப்புக்கிட்டாங்கன்னு வெளிய வரல. ஆனா ஒரு டீம் நஷ்டத்துக்கு அனுப்ப பொதுவா ரெண்டு காரணம் இருக்கும்.

ஒண்ணு, டிராஃப்ட் சமயத்துலயே கொடுக்கற நம்பிக்கை. 2012ல ஒட்டானி நேரா அமெரிக்காவுக்கே போறேன்னு சொல்லிட்டார், நிப்பான் ஹாம் அதையும் மீறி எடுத்துட்டு, பிட்சிங் பேட்டிங் ரெண்டும் பண்ண விடறோம்னு உக்கார வெச்சு பேசி சம்மதிக்க வெச்சாங்க, அஞ்சு சீசன் கழிச்சு அனுப்பியும் வெச்சாங்க. அனுப்பற டீம்னு பேர் எடுத்தா அடுத்த திறமையான பையன் பயப்படாம வருவான். அப்படி இல்லாம பிடிச்சு வெச்சா ஸ்கூல் பசங்க ஜப்பான் டிராஃப்டையே தாண்டி ஓடிடுவாங்கங்கற பயம் அங்க ரொம்ப நாளா இருக்கு. 2008ல ஜுனிச்சி தசாவா டிராஃப்டை ஒதுக்கிட்டு பாஸ்டன் போனப்ப, அப்படிப் போனவங்க திரும்பி வந்தா ரெண்டு மூணு வருஷம் எடுக்க மாட்டோம்னு விதியே போட்டாங்க, 2020லதான் அதை எடுத்தாங்க.

ரெண்டு, அனுப்பாம விட்டா கடைசில கைக்கு வர்றது பூஜ்யம். இதுக்கு உதாரணம் கோடாய் செங்கா. ஃபுகுவோகா சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் 2010ல அவரை டெவலப்மென்ட் டிராஃப்ட்ல, நாலாவது ரவுண்டுல எடுத்தாங்க, முதுகுல மூணு இலக்க நம்பர் போட்டுக்கிட்டு மெயின் டீமுக்கு ஆடவே தகுதியில்லாத வரிசை அது. அங்க இருந்து டீமோட நம்பர் ஒன் பிட்சர் ஆகி, வருஷா வருஷம் போஸ்டிங் கேட்டார். சாஃப்ட்பேங்க் போஸ்டிங் பண்றதில்லங்கற கொள்கைல நின்னாங்க. 2022 முடிஞ்சு 9 வருஷ எஃப்ஏ வந்துச்சு, நியூயார்க் மெட்ஸோட 5 வருஷம் 7.5 கோடி டாலர், சாஃப்ட்பேங்குக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவர் 29 வயசு வரைக்கும் அவங்களுக்குத்தான் போட்டார், கோப்பையும் வந்துச்சு. காசு இருக்கற டீமுக்கு இது கட்டுபடியாகும். லோட்டே மாதிரி டீமுக்கு கஷ்டம்.

ஆட்டக்காரர் பக்கம் நஷ்டம் இதை விடப் பெருசு, அதை யாரும் கணக்கு போடறதில்ல. 25க்கு முன்னாடி போனவர் அமெரிக்காலயும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்: குறைஞ்சபட்ச சம்பளம், 2025ல அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர், 6 வருஷம் அந்த டீமோட கட்டுப்பாடு. ஒட்டானி அந்த 6 வருஷத்தை முடிச்சுட்டுதான் 70 கோடி டாலர் கான்ட்ராக்ட் போட்டார். அந்த 70 கோடில நிப்பான் ஹாமுக்கு ஒரு பைசா கிடையாது, போஸ்டிங் பங்கு முதல் கான்ட்ராக்டோட முடிஞ்சிடும்.

தூரத்துல இருந்து ஃபாலோ பண்றவங்க செய்தியை எப்படிப் படிக்கறது

நவம்பர், டிசம்பர்ல இன்னார் போறாராம்னு தலைப்பு வந்தா இதைப் பாத்தா போதும்:

1. வயசு 25 ஆச்சா, 6 சீசன் முடிஞ்சுதா. ரெண்டுல ஒண்ணு இல்லன்னா தொகை லட்சத்துலதான், எவ்வளவு வேகமா போட்டாலும் சரி.
2. போஸ்டிங்கா, வெளிநாட்டு எஃப்ஏவா. எஃப்ஏன்னா பழைய டீமுக்கு காசு இல்ல, 45 நாள் கெடுவும் இல்ல. 2024 கடைசில யோமியுரியோட டொமோயுகி சுகனோ பால்டிமோர் போனது இந்த வழி.
3. எந்த டீம். சாஃப்ட்பேங்க்னா சந்தேகத்தோடயே படிக்கணும். யோமியுரியும் ரொம்ப காலம் மாட்டேன்னு இருந்தவங்க, 2019ல ஷுன் யமகுச்சிதான் அவங்க போஸ்ட் பண்ணின முதல் ஆள்.
4. முதல்ல சொல்ற தொகை கடைசி தொகை இல்ல. இன்சென்டிவ் போனஸ் பின்னாடி கிடைச்சா அதுல 15% ஜப்பான் டீமுக்கு தனியா போகும்.

நேர வித்தியாசம் நமக்கு சாதகம்தான், சாயங்காலம் 6 மணி மேட்ச் இங்க மத்தியானம் 2:30. பசிபிக் லீக் ஆறு டீமும் சேந்து 2007லயே ஒரு கம்பெனி வெச்சு வீடியோவை ஒண்ணா விக்கறாங்க, சென்ட்ரல்ல ஒவ்வொரு ஹோம் டீமும் தனித்தனி கடை, அதனால வெளிய இருக்கறவங்க முதல்ல பசிபிக் லீக் பக்கம் போறதுதான் சுலபம். சிக்கல் என்னன்னா, ஒருத்தரைப் புடிச்சு ஃபாலோ பண்ண ஆரம்பிக்கும்போதே அவரோட கிளம்பற தேதியும் சேந்தே ஓடுது.

2022 ஏப்ரல் 10, சிபா கடலோர ஸ்டேடியம், ஓரிக்ஸுக்கு எதிரா சசாகி 105 பால் போட்டார். 27 பேட்டர் வந்தாங்க, 27 பேரும் அவுட், 19 பேர் ஸ்ட்ரைக் அவுட் (பாலை ஒழுங்கா அடிக்க முடியாமலே அவுட்), அதுல 13 பேர் தொடர்ச்சியா. ஜப்பான்ல 28 வருஷம் கழிச்சு வந்த பெர்ஃபெக்ட் கேம், அவருக்கு வயசு 20, பால் பிடிச்ச கேட்சருக்கு 18. அடுத்த வாரமும் 8 இன்னிங்ஸ் ஒருத்தரையும் பேஸுக்கு விடல, தோள் கெட்டுடும்னு 102 பாலோட கோச் வெளிய கூப்பிட்டுட்டார். அப்படி பொத்திப் பொத்தி வெச்சுதான் லோட்டே அந்தக் கையைக் காப்பாத்துனாங்க.

2025 அக்டோபர்ல அதே கை டாட்ஜர்ஸுக்கு ப்ளேஆஃப் மேட்சோட கடைசி இன்னிங்ஸை முடிச்சுக் கொடுத்துட்டு இருந்துச்சு, உலக சீரிஸ்ல சிறந்த ஆட்டக்காரர் விருது யமமோட்டோவுக்கு. மூணு வருஷம் தொடர்ந்து லீக் ஜெயிச்ச ஓரிக்ஸ் யமமோட்டோ போன அடுத்த வருஷமே அஞ்சாவது இடம். சசாகி போன வருஷம் லோட்டே பசிபிக் லீக்ல ஆறாவது, அதாவது கடைசி.